கஞ்சமலைக் கல்லா, சூரியப் புயலா? டிரோன் தடுமாறும்போது பார்க்க வேண்டியவை

கேள்வி: இளம்பிள்ளையில் டிரோன் வைத்து மருந்து தெளிக்கும் தொழில் செய்கிறேன். நில அளவைக்கும் போவதுண்டு. போன மாதம் கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு மரவள்ளிக் காட்டில் டிரோனைக் கிளப்பியதும் காம்பஸ் பிழை காட்டியது. வட்டமடித்து வரப்பில் விழுந்தது. மார்ச்சில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தை அளந்தபோது பிற்பகல் முழுக்க ஆர்டிகே (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் செயற்கைக்கோள் முறை) ஃபிக்ஸ் என்ற துல்லிய நிலையில் நிற்காமல், துல்லியம் குறைந்த ஃப்ளோட் நிலைக்கே போனது. இரண்டுக்கும் சூரியப் புயல்தான் காரணம் என்கிறார் டிரோனை விற்றவர். செயலியில் கேபி எண் (பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை காட்டும் எண்) 5-ஐத் தாண்டினால் பறக்கக் கூடாதா?

பதில்: இரண்டையும் சூரியன் கணக்கில் எழுத வேண்டாம். முதலாவது பெரும்பாலும் கஞ்சமலையின் வேலை. இரண்டாவதில் சூரியனுக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் அதற்குப் புயலே தேவையில்லை.

காம்பஸை முதலில் பார்ப்போம். சேலத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). சூரியப் புயலின்போது சூரியனிலிருந்து வீசியெறியப்படும் மின்னூட்டத் துகள் மேகம் ஒன்றிலிருந்து மூன்று நாளில் பூமிக்கு வந்து சேரும். அது சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால், வடக்கு நோக்கிய நம் புலத்தோடு பிணைந்து கதவைத் திறந்துவிடும். உள்ளே வரும் ஆற்றல் பூமியைச் சுற்றி ஒரு மின்னோட்ட வளையத்தை வலுவாக்கும். அந்த வளையம் நம் புலத்தைக் கொஞ்சம் குறைக்கும். எவ்வளவு? 2024 மே 10, 11 தேதிகளில் லடாக்கின் ஹன்லேயில்கூட வானம் சிவந்தது நினைவிருக்கும். இருபது ஆண்டுகளில் வந்த மிகப்பெரிய புயல் அது. அதிலேயே குறைவு சுமார் 400 நானோடெஸ்லாதான், அதாவது நூற்றில் ஒரு பங்கு. அதுவும் பெரும்பாலும் வடக்கு தெற்கு வாக்கில் குறைவதால் முள்ளின் திசை அவ்வளவாக மாறாது. மொத்தமும் பக்கவாட்டில் தள்ளினால்கூட அரைப் பாகைக்குச் சற்று மேல். அதற்கு டிரோன் வட்டமடிக்காது.

கஞ்சமலை வேறு கதை. அந்த மலையில் பட்டை பட்டையாக ஓடுவது மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது கலந்த பாறை. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அடிவார ஓடை மணலில் இழுத்துப் பாருங்கள், கறுப்புத் துகள் முடி முடியாக எழுந்து நிற்கும். பழைய முள் காம்பஸ் ஒன்றைக் கறுப்புப் பட்டை தெரியும் ஒரு கல்லை ஒட்டிக் கொண்டுபோனேன். முள் சுற்றித் திரும்பி, கல்லைப் பார்த்து நின்றது. இரண்டடி தள்ளி வைத்ததும் மெல்ல வடக்குக்கு வந்தது. அந்த இரண்டடியில் நடந்த மாற்றத்தை எந்தச் சூரியப் புயலாலும் நம் ஊரில் செய்ய முடியாது.

அதனால் அந்தப் பக்கம் போனால், கிளப்பும் இடத்தில் கைபேசிக் காம்பஸைத் தரையை ஒட்டி ஒரு முறை, இடுப்பு உயரத்தில் ஒரு முறை, நான்கடி தள்ளி ஒரு முறை பாருங்கள். திசை ஐந்தாறு பாகைக்கு மேல் மாறினால் அந்த இடம் வேண்டாம். பாறை தெரியாத மண் காட்டுக்கு ஐம்பது மீட்டராவது நகருங்கள். கம்பி போட்ட கான்கிரீட் களம், கிணற்று மேடை, டிராக்டர் ஓரம் இவையும் ஆகாது. ரொம்ப முக்கியம்: பாறை மேல் நின்று காம்பஸைச் சரிசெய்ய வேண்டாம். அந்தத் தவறு டிரோனுக்குள் பதிந்து, அடுத்த ஊரிலும் கூடவே வரும்.

சரி, கேபி எண். அது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் கணக்கு. அதற்கு அளவு தரும் 13 நிலையங்களும் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் இருக்கின்றன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. அந்த நாட்டு விவசாயிகளுக்கு அது உதவும். 2024 மே புயலில் அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடுமாறி வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. நமக்கு ஆபத்து வரும் வழி வேறு. கேபி 2 காட்டும் அமைதியான நாளில்கூட வரும்.

காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் மேல் வளிமண்டலத்தை மின்னூட்டமாக்குகிறது. பகலில் இந்த நடுக்கோட்டுப் பகுதியில் அந்த அடுக்கு நீரூற்று போல மேலே எழும்பி, இரண்டு பக்கமும் வழிந்து, அகமதாபாத், போபால் பக்கம் போய்க் குவிகிறது. நாம் அந்த ஊற்றுக்கும் குவியலுக்கும் நடுச்சரிவில் இருக்கிறோம். செயற்கைக்கோள் சமிக்ஞை இதைக் கடக்கும்போது தாமதமாகும். சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், 2024-இல் இருந்ததைப் போல, பிற்பகலில் இந்தத் தாமதம் 10 மீட்டர் பிழைக்கு மேலும் போகும். ஓரிடத்தில் நிற்கும் பேஸ் கருவிக்கும் நகர்ந்து அளக்கும் ரோவர் கருவிக்கும் ஒரே அளவு தாமதம் என்றால் ஆர்டிகே கழித்துவிடும். தூரம் கூடினால் தாமதம் ஒன்றாக இருக்காது, ஃபிக்ஸ் நழுவும். மார்ச் மாதம், பிற்பகல் என்று நீங்கள் எழுதியது இதோடு அப்படியே பொருந்துகிறது.

பேஸை எங்கே வைத்தீர்கள் என்று எழுதவில்லை. சேலத்தில் என்றால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. நடுவில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஈரக் காற்றின் தாமதம் முழுதாகக் கழியாது. பேஸைத் தோட்டத்திலேயே, ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள், திறந்த வானத்தின் கீழ் வையுங்கள். மேலே சில்வர் ஓக் கிளை கவிந்திருந்தால் சூரியனை விட்டுவிட்டு முதலில் அந்த மரத்தைக் கவனியுங்கள். செயற்கைக்கோள் அனுப்பும் எல்5 என்ற கூடுதல் அலைவரிசையும் வாங்கும் கருவியாக இருந்தால் அதை முடக்காமல் வையுங்கள். எந்தப் புள்ளியையும் ஒரு ஃபிக்ஸை நம்பி முடிக்காதீர்கள்; கருவியை அணைத்துப் போட்டு இரண்டாவது முறை எடுத்துப் பாருங்கள்.

இரவில் பேஸை ஓடவிட்டுப் பதிவு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொழுது சாய்ந்ததும் மின்னூட்ட அடுக்கின் அடிப்பகுதி மெலிந்துவிடும். கொதிக்கும் கூழில் குமிழி எழுவது போல, அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து மேலே கிளம்பும். சமிக்ஞை நட்சத்திரம் போல மினுங்கி அறுந்து அறுந்து வரும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். ஏழு மணிக்கு மேல் தொடங்கி நள்ளிரவு வரை, சில நாள் அதைத் தாண்டியும் நீளும். புயல் நாளில் குமிழி கூடவும் செய்யும், சில நேரம் அடியோடு அடங்கவும் செய்யும். அதனாலும் கேபி எண்ணை வைத்து நம் ஊரில் முடிவெடுக்க முடியாது.

ஆனாலும் கேபி எண் 8, 9 வந்தால் அன்று அளவை வேலையைத் தள்ளிப்போடுங்கள். 5, 6-க்கெல்லாம் மருந்துத் தெளிப்பை நிறுத்த வேண்டியதில்லை. அப்புறம் அந்த ஏற்காட்டுத் தோட்டத்தை மறுபடி அளக்கப் போவதாக இருந்தால், காலை ஏழு மணிக்குப் பேஸ் வைத்து பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். விழுந்த டிரோனுக்கு, பறப்புப் பதிவை விற்றவரிடம் கொடுத்துக் காந்தப்புல அளவு வரைபடத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தரையில் தாறுமாறாக இருந்த கோடு, மேலே போகப் போக 40,000-ஐ ஒட்டி நிலைக்கு வந்திருந்தால் காரணம் காலடியில் இருந்த கல்தான்.