பழங்கருவிகள்: வாசகர் கேட்டவை

பழைய அறிவியல், ஒளியியல், மருத்துவக் கருவிகளைச் சேர்ப்பது குறித்து மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஐந்துக்கு இவ்விதழில் விடை தருகிறோம்.

கேள்வி (நுவரெலியா): பழைய தோட்டப் பங்களா ஒன்றின் சாமான்கள் ஏலம் விடப்பட்டபோது வட்ட முகப்புடைய பித்தளைப் பாரமானி ஒன்றை வாங்கினேன். வெயில் எறித்தாலும் மழை கொட்டினாலும் அதன் முள் 'புயல்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இடத்தையும் தாண்டி அடியிலேயே கிடக்கிறது. பழுதுபார்க்கக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கருவி பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. தங்களிடம் இருப்பது 1844 இல் பிரான்சில் லூசியன் விடி என்பவர் காப்புரிமை பெற்ற திரவமில் பாரமானி வகையைச் சேர்ந்தது. காற்று அகற்றப்பட்ட மெல்லிய உலோகப் பெட்டகம் ஒன்று வளியமுக்கத்துக்கு ஏற்பச் சுருங்கி விரிவதை நெம்புகளும் நுண்ணிய சங்கிலியும் முள்ளுக்குக் கடத்துகின்றன. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கெனச் செய்யப்பட்டவற்றின் முகப்பு, பெரும்பாலும் இரச (பாதரச) நிரலின் உயரமாக 28 முதல் 31 அங்குலம் வரை, கடல்மட்டத்தை அண்டிய ஊர்களுக்காகப் பிரிக்கப்பட்டது. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஆறாயிரம் அடிக்குச் சற்று மேலேயுள்ள நுவரெலியாவில் அமுக்கம் 24 அங்குலத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், அந்த முகப்பில் முள் நிற்பதற்கு இடமே இல்லை.

சோதித்துப் பார்க்க விரும்பினால், அடுத்த முறை கண்டிக்குச் செல்லும்போது அதை உடன் எடுத்துச் சென்று, இறம்பொடை வளைவுகளில் இறங்க இறங்க முள் மேலேறுகிறதா என்று கவனியுங்கள். கண்டியை அடையும்போது அது 28 அங்குலத்தைச் சிறிது கடந்திருந்தால் கருவி நல்ல நிலையில் உள்ளது. பின்புறத்திலுள்ள திருகாணி சிறு திருத்தங்களுக்கு மட்டுமே உரியது. அதைத் திருகி ஆறு அங்குலத்தை ஈடுசெய்ய முயன்ற பலர் உள்ளிருக்கும் சுருள்வில்லைக் கெடுத்திருக்கிறார்கள். மலைநாட்டுத் தேவைக்காகவே அடிக்கணக்கில் உயரம் குறிக்கும் இரண்டாவது அளவுவட்டத்துடன் செய்யப்பட்ட பாரமானிகளும் உண்டு. நில அளவையாளரும் துரைமாரும் சட்டைப்பையில் வைத்திருந்த அவ்வகை, எம் பார்வையில், சுவர்ப் பாரமானியைவிடத் தேடத் தக்கது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். நம்மைப் போன்ற அயனமண்டல நாடுகளில் வளியமுக்கம் நாள்தோறும் காலையும் இரவும் பத்து மணியளவில் உயர்ந்தும், அதிகாலையும் பின்னேரமும் நான்கு மணியளவில் தாழ்ந்தும் வரும். சாதாரண மழை வெயிலால் ஏற்படும் மாற்றத்தைவிட இந்த ஏற்றவிறக்கமே தெளிவாகத் தெரியும். ஆகையால் முகப்பிலுள்ள சொற்களை நம்பிக் குடை எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (பண்டாரவளை): 'கெல்வின் அன்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறிக்கப்பட்ட பித்தளைத் தொலைகாட்டி ஒன்று, நங்கூரம் பதித்த மரப்பெட்டியுடன் விலைக்கு வந்துள்ளது. வாங்கலாமா?

பதில்: அலங்காரப் பொருளின் விலைக்கு வாங்கலாம்; பழம்பொருளின் விலைக்கு வாங்கக் கூடாது. கெல்வின் அன்ட் ஹியூஸ் என்ற நிறுவனம் இரண்டு பழைய நிறுவனங்கள் இணைந்து 1947 இல்தான் அப்பெயரில் உருவானது. ஆகவே 1917 இல் அந்தப் பெயரைப் பொறித்திருக்க எவராலும் முடியாது. இந்தியாவின் ரூர்க்கி போன்ற இடங்களில் இத்தகைய தொலைகாட்டிகளும் செக்ஸ்டன் என்ற கடற்பயணக் கோணமானிகளும் திசையறிகருவிகளும் அலங்காரத்துக்காக இன்றும் செய்யப்படுகின்றன. செய்வதில் குற்றமில்லை, கைமாறும் வழியில் எவரோ அவற்றுக்கு நூறு வயதைக் கூட்டிவிடுவதுதான் சிக்கல்.

பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். தலையில் சிலுவை வடிவப் பள்ளமுள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. முன்வில்லைக்கு எதிரே ஒரு விளக்கைப் பிடித்தால், ஒற்றை வில்லையாயின் இரண்டு பிரதிபலிப்புகளும், ஒட்டிய இரட்டை வில்லையாயின் மங்கலான மூன்றாவது ஒன்றும் தெரியும். நிறக்கரையைக் குறைக்கும் இந்த இரட்டை வில்லைக்கு 1758 இல் லண்டனில் டொலன்ட் என்பவர் காப்புரிமை பெற்ற பின்னர் நல்ல தொலைகாட்டிகள் இரட்டை வில்லையுடனேயே செய்யப்பட்டன. பொருள்களின் ஓரத்தில் ஊதாவும் மஞ்சளுமாக நிறக்கரை தெரியும் தொலைகாட்டியைக் கொண்டு எந்த மாலுமியும் கரையைத் தேடியிருக்க மாட்டான்.

கேள்வி (ஹற்றன்): தோட்ட மருந்துச்சாலையில் டிஸ்பென்சராக இருந்த என் தகப்பனார் ஸ்டெதஸ்கோப்பாக இருக்கக்கூடிய ஒரு மரக்குழல், எடைக்கற்களுடன் கூடிய சிறு தராசு, இரசம் நிரம்பிய இரத்த அமுக்கமானி, வில்லைகளில் பூஞ்சணம் படர்ந்த பித்தளை நுணுக்குக்காட்டி ஆகியவற்றை விட்டுச் சென்றார். எல்லாவற்றையும் பித்தளைப் பொலிஷ் போட்டுத் துலக்கிக் கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம் என்கிறார் என் மருமகன். தங்கள் கருத்து என்ன?

பதில்: மருமகனின் கைக்கு வேறு வேலை கொடுங்கள். பழைய நுணுக்குக்காட்டியின் பித்தளை வெறும் பித்தளையன்று. அதன்மேல் தயாரிப்பாளர் பூசிய பொன்னிற அரக்கு மெருகு இருக்கிறது. பொலிஷ் அந்த மெருகை உரித்துவிடும். பளபளக்கும் கருவியைக் கண்டதும் அறிந்த சேகரிப்பாளர் விலையைக் குறைத்துவிடுவார். கறுத்த இடங்கள் தகப்பனாரின் விரல் பட்ட இடங்கள்; அவை அப்படியே இருக்கட்டும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

பூஞ்சணம் நம் பக்கத்தில் பெரும் பகை. ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நீடிக்கும் இடங்களில் அது வில்லையின் மேற்பரப்பில் வேர்விட்டு, காலப்போக்கில் கண்ணாடியையே அரிக்கும். அரிக்கப்பட்டதை மீட்க வழியில்லை. மேலோட்டமாக இருப்பதை, வடிநீரில் சற்றே நனைத்த தூய பஞ்சால் அழுத்தாமல் துடைக்கலாம். மதுசாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தாதீர்கள். பொருளை நோக்கியிருக்கும் பொருள்வில்லையின் உட்கண்ணாடிகள் கனடா பல்சம் என்ற மரப்பிசினால் ஒட்டப்பட்டவை. ஓரத்தால் கசியும் மதுசாரம் அந்த ஒட்டைக் குலைத்துவிடும். துடைத்த பின், பழைய மரப்பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், பெட்டியைத் தனியாகவும் கருவியைச் சிலிக்கா ஜெல் பைகளுடனும் வையுங்கள். அலுமாரியின் அடித்தட்டில் சிறு மின்குமிழ் எரியவிடும் பழைய பங்களா வழக்கமும் நல்லதே. ஆனால் இக்கால எல்இடி குமிழ் சூடு தராது என்பதை மறக்கக் கூடாது.

இரத்த அமுக்கமானியில் ஏறத்தாழ நூறு கிராம் இரசம் இருக்கக்கூடும். அதன் சேமக்குப்பியில் அடைக்கும் திருகு இருந்தால் அதை மூடிவிட்டு, நிமிர்த்தியே வையுங்கள். சிந்தினால் தும்புத்தடியாலோ தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலோ கூட்டக் கூடாது. அவை இரசத்தை நுண்துளிகளாகவும் ஆவியாகவும் பரப்பிவிடும். யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, நகைகளைக் கழற்றிவிட்டு, கையுறை அணிந்து, தடித்த காகிதத்தால் துளிகளை ஒன்றுசேர்த்து இறுக மூடும் போத்தலில் இடவேண்டும்.

மரக்குழல் ஸ்டெதஸ்கோப்பாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1816 இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் கண்டுபிடித்த முதல் ஸ்டெதஸ்கோப் ஓரடி அளவான நேரான உருளை. தங்களுடையது குட்டையாகவும் ஒருபுறம் எக்காளம் போல விரிந்தும் இருந்தால், 1895 இல் பாரிசில் பினார்ட் வடிவமைத்த, கருவிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழலாகவே இருக்க வேண்டும். அப்படியானால் அது டிஸ்பென்சரைவிடத் தோட்டத்து மருத்துவிச்சியின் கையில் அதிகம் இருந்திருக்கும். இவ்வகைக் குழல் இன்றும் செய்யப்படுவதால் சந்தையில் பெரிய விலை இல்லை. தராசின் கற்களில் 3 என்ற இலக்கத்தைப் போல வளைந்த குறி, பழைய மருந்தாளர் எடையான திராமைக் குறிக்கும்: இருபது கிறேன் ஒரு ஸ்குரூப்பிள், மூன்று ஸ்குரூப்பிள் ஒரு திராம். தொலைந்த கல்லுக்கு ஈடாக வேறொன்றைச் செருக வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, தங்களிடம் மட்டுமே இருப்பது. 1916 முதல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தினர் நம் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையை நடத்தியபோது, தொழிலாளரின் மலத்தில் அப்புழுவின் முட்டைகளைத் தேடியது இத்தகைய நுணுக்குக்காட்டிகள் வழியாகவே. அந்தக் காலத்து ஒரு கருவி எந்தத் தோட்டத்தில், எவர் கையில், எந்த ஆண்டுகளில் இருந்தது என்று சொல்லக்கூடிய ஆவணம் மலையகத்தில் அரிது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றபோதும் மருந்துச்சாலைப் பொருள்கள் பல இடங்களுக்குச் சிதறின. பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போனவையும் உண்டு. ஆகவே இன்றே ஒரு கொப்பியில் தோட்டத்தின் பெயர், டிவிசன், தகப்பனார் பணியாற்றிய காலம், கருவியின் அடியில் பொறித்துள்ள தயாரிப்பாளர் பெயரும் தொடர் இலக்கமும், அவர் அதைப் பற்றிச் சொன்ன கதைகள் ஆகியவற்றை எழுதி, புகைப்படத்துடன் கருவியின் பெட்டியிலேயே வையுங்கள். லைற்ஸ், சைஸ் போன்ற பெரிய தயாரிப்பாளர்களின் தொடர் இலக்கத்தைக் கொண்டு ஆண்டையும் ஏறத்தாழக் கண்டறியலாம்.

கேள்வி (தலவாக்கலை): பழைய இராணுவத் திசையறிகருவியின் முகப்பு இருளில் ஒளிர்வது நின்றுவிட்டது. புதிதாகப் பூசலாமா?

பதில்: திறக்கவே வேண்டாம். ஒளிரும் பூச்சில் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கக்கூடும். மங்கியது அதனுடன் கலந்த, ஒளியைத் தரும் நாக (சிங்க்) சல்பைட்டு மட்டுமே. ரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் 1,600 ஆண்டுகள் என்பதால் கதிரியக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கண்ணாடி மூடியிருக்கும்வரை அலுமாரியில் வைத்துப் பார்ப்பதில் பயமில்லை. சுரண்டி எழும் தூசியை மூச்சில் இழுப்பதே ஆபத்து.

கேள்வி (பதுளை): கனடாவிலுள்ள மகனுக்குப் பாட்டனாரின் தியோடலைட் என்ற நில அளவைக் கருவியையும் இரசப் பாரமானியையும் கொடுத்தனுப்பலாமா?

பதில்: 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் கலாசார ஆதனங்களை அனுமதிப்பத்திரமின்றி ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. தங்கள் பொருள்கள் அதனுள் அடங்குமா என்பதைப் புகைப்படங்களுடன் தொல்பொருளியல் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பெற்ற பின்னரே அனுப்புங்கள். இரசப் பாரமானியைப் பயணிகளின் பொதியில் கொண்டுசெல்ல விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. தியோடலைட்டை அனுப்ப முடிந்தாலும் பாரமானி பதுளையிலேயே இருக்கட்டும்.