100 வாட் டிரான்சீவருக்குப் பின்னால் எந்த வால்வு?

கேள்வி: என் அமெச்சூர் வானொலி டிரான்சீவர் (அனுப்பவும் பெறவும் உதவும் கருவி) 100 வாட் தருகிறது. சிற்றலை அலைவரிசைகளில் சுமார் 500 வாட் கிடைக்கும்படி ஒரு லீனியர் ஆம்ப்ளிஃபயரை (சிக்னலின் வடிவம் மாறாமல் அதன் திறனைப் பெருக்கும் கருவியை) முதன்முறையாக நானே கட்டப்போகிறேன். 811ஏ, 4சிஎக்ஸ்250பி, 3-500இசட் ஆகிய வால்வுகளுள் (வெற்றிடக் குழாய்களுள்) எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: வால்வு எத்தனை வாட் தரும் என்பதற்கு முன், அதன் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் நேர்மின்முனை) எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்று பாருங்கள். இத்தகைய ஆம்ப்ளிஃபயர்கள் வழக்கமாக இயங்கும் ஏபி வகுப்பு முறையில் செயல்திறன் ஏறத்தாழ 60 சதவீதம் என்பதால், 500 வாட் ஆன்டெனாவுக்குச் செல்லும்போது 330 வாட்டுக்கும் மேல் வெப்பமாகப் பிளேட்டிலேயே தங்கும். 811ஏ ஒன்றின் வரம்பு 65 வாட்தான். நான்கை இணையாகப் பொருத்தினாலும், பேச்சுக்கு இடையிலான ஓய்வை நம்பியே ஓட்ட வேண்டியிருக்கும்.

4சிஎக்ஸ்250பி சிறியது, திறமானது. ஆனால் முதல் முயற்சிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றின் வரம்பு 250 வாட் என்பதால் இரண்டு தேவைப்படும். பிளேட்டுக்கும் கட்டுப்பாட்டுக் கிரிட்டுக்கும் (எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கும்) இடையிலுள்ள ஸ்கிரீன் கிரிட்டுக்குத் தனியாக நிலைப்படுத்திய பவர் சப்ளை வேண்டும். பிளேட் மின்னழுத்தம் அறுந்து ஸ்கிரீன் மின்னழுத்தம் மட்டும் எஞ்சினால் வால்வே பாழாகக்கூடும். கட்டுப்பாட்டுக் கிரிட் வழியாக உள்ளீட்டைக் கொடுத்து இயக்கினால் சில வாட்டே போதும் என்பதால், உங்கள் 100 வாட்டின் பெரும்பகுதி வீண்.

ஆகவே, கிரிட்டை நேரே சேஸிஸில் இணைத்து இயக்கும் ஒற்றை 3-500இசட்தான் என் தேர்வு. அதன் பிளேட் 500 வாட் தாங்கும். 2500 வோல்ட், 400 மில்லியாம்பியரில் 500 வாட் நிதானமாகக் கிடைக்கும். உங்கள் டிரான்சீவரின் உந்துதல் தாராளம். ஃபிலமென்ட் (வால்வைச் சூடேற்றும் இழை) 5 வோல்ட்டில் ஏறத்தாழ 14.5 ஆம்பியர் இழுப்பதால், அதன் சோக் (வானொலி அலைவெண் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) தடித்த கம்பியில் சுற்றப்பட்டிருக்க வேண்டும். மின்னழுத்தத்தை டிரான்ஸ்ஃபார்மரில் அல்ல, சாக்கெட் முனைகளிலேயே அளந்து 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வையுங்கள். ஃபிலமென்ட் எரியும்போதெல்லாம் விசிறிக் காற்று அடிமுனைகள் மீதும் பிளேட் முனை மீதும் பாய வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது டியூனிங் கண்டென்சரை. இந்த மின்னழுத்தத்தில் பிளேட்டின் சுமைத்தடை சுமார் 3500 ஓம். பிளேட்டை ஆன்டெனாவுடன் பொருத்தும் பை சுற்றின் கியூ (ஒத்திசைவின் கூர்மையைக் காட்டும் எண்) 12 எனக் கொண்டால், 28 மெகாஹெர்ட்ஸில் தேவைப்படும் கொள்திறன், வால்வுடையதையும் சேர்த்து, 20 பிகோஃபாரடுக்கும் குறைவு. எனவே முழுதும் திறந்த நிலையில் மிகக் குறைந்த கொள்திறன் காட்டும் கண்டென்சரையே தேடுங்கள்.

2500 வோல்ட் உயிரைப் பறிக்கும் என்பதால், அணைத்தபின் கண்டென்சர்களில் எஞ்சும் மின்னூட்டத்தை வடிக்கும் பிளீடர் மின்தடைகளையும் மூடியைத் திறந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சையும் தவிர்க்கவே கூடாது.

3-500இசட்டுக்கான ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காவிட்டால், 811ஏ பொருந்தும் அதே நான்கு முனை சாக்கெட்டில் இரண்டு 572பி போடலாம். ஒவ்வொன்றும் 160 வாட் தாங்குவதால், குரல் ஒலிபரப்புக்கு அது போதும்.