கிணற்றுக் குழாயில் படியும் வெள்ளி: கேள்வி பதில்

ரீயூனியன் தீவின் சான் தெனியிலிருந்து ஓர் ஆசிரியை: புவிவெப்பக் கிணற்றுக் குழாயில் செம்பும் வெள்ளியும் படிகின்றன என்பது உண்மையா?

உண்மைதான் அம்மா. நிலத்தடிச் சூட்டைப் பயன்படுத்தத் தோண்டும் கிணறுகள் இவை. கலிபோர்னியாவின் சால்ட்டன் கடல் பகுதியில் 1960களில் தோண்டிய ஆழ்கிணறு ஒன்றில், மூன்று மாத ஓட்டத்திலேயே 5 முதல் 8 டன் படிவு சேர்ந்தது; அதில் செம்பு 20 விழுக்காடு வரையிலும் வெள்ளி 6 விழுக்காடு வரையிலும் இருந்தன. உடைத்துப் பார்த்தால், ஓபல் மணிக்கல் போன்ற சிலிக்காவுக்கு (மணலில் உள்ள பொருள்) இடையிடையே கரிய சல்பைடு (உலோகமும் கந்தகமும் சேர்ந்த பொருள்) இழைகள் தெரியும். அங்கே ஆழத்தில் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய உப்புநீர், தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு உப்பைச் சுமந்திருக்கிறது. அந்த உப்பிலுள்ள குளோரைடுதான் உலோகங்களைப் பிணைத்துக் கரைசலில் நிறுத்துகிறது. நீர் மேலேறி அழுத்தம் குறைந்து கொதிக்கும்போது, வாயுக்கள் பிரிந்து, சூடு தணிந்து, பிணைப்புத் தளர்ந்து, உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அழுத்தம் சட்டென விழும் இடத்தில்தான் படிவு செறிகிறது. நியூசிலாந்தின் ஓஹாக்கியில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தகட்டிலேயே தங்கமும் வெள்ளியும் படிந்தன. அங்கே தங்கத்தைக் கரைத்து வைத்திருந்தது குளோரைடு அன்று, கந்தகம். கொதிக்கையில் அந்தக் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக ஆவியோடு போய்விட, தங்கம் தனித்து நிற்கிறது.

இத்தகைய படிவை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள்; காரணம் கடைசிப் பதிலில்.

சான்த் ஆந்த்ரேயிலிருந்து ஒருவர்: நம் தீவில் இத்தகைய கிணறு உண்டா?

புவிவெப்பம் தேடி 1985இல் சலாசியிலும் கிரான் ப்ரூலேயிலும் ஆழத் துளையிட்டார்கள். மின்நிலையம் எதுவும் அமையவில்லை.

சிலாவோஸிலிருந்து ஒருவர்: எங்கள் ஊற்றுக் குழாயில் செந்நிறமாகப் படிகிறதே, அதில் வெள்ளி இருக்குமா?

இரும்பும் சுண்ணமும்தான். வெள்ளி தேட வேண்டாம்.

சான் பியேரிலிருந்து ஒரு வணிகர்: 8 டன்னில் 6 விழுக்காடு என்றால் 480 கிலோ வெள்ளி. இதை விட்டுவைப்பது முட்டாள்தனம் அல்லவா?

உச்ச அளவை உச்ச எடையால் பெருக்கியிருக்கிறீர்கள். செறிந்த மாதிரியின் விழுக்காடு மொத்தப் படிவுக்கும் பொருந்தாது. மேலும், படிவு தடிக்கத் தடிக்க ஓட்டம் குறைகிறது. சுரண்ட வேண்டுமானால் கிணற்றையே மூட வேண்டும்.

அதே வணிகர்: அப்படியானால் உலோகம் வீண்தானா?

வீண் என்று நான் சொல்லவில்லை. எடுக்கும் இடம் குழாய்ச்சுவர் அன்று, ஓடும் நீர். சால்ட்டன் கடலில் இன்று குறிவைப்பது நீரில் கரைந்துள்ள, மின்கலங்களுக்கான லித்தியத்தைத்தான். குழாயில் படிந்ததைப் பொறியாளர்கள் நோயாகவே பார்க்கிறார்கள்.

மேலும் மூவர்: தங்கம் கிடைக்குமா?

மேலே ஓஹாக்கி பற்றிய பதிலைப் படியுங்கள்.

லெ போர்ட்டிலிருந்து ஓர் இளைஞர்: ஐரோப்பாவில் வேலை செய்யும் மாமா அத்தகைய படிவுக் கட்டி ஒன்றைத் தந்தார். வீட்டில் வைக்கலாமா?

கூடாது தம்பி. ஐரோப்பாவின் ரைன் பள்ளத்தாக்குக் கிணறுகளில் பாரைட் என்ற கனிமத்தோடு கதிரியக்க ரேடியமும், கலீனா என்ற ஈயக் கனிமத்தோடு கதிரியக்க ஈயமும் படிகின்றன, ஆர்செனிக்கும் இருக்கலாம். தட்டாமல், தூசி பறக்காமல், ஈரத்துணியில் சுற்றி உறையிலிட்டு மூடுங்கள், கையைக் கழுவுங்கள், கதிரியக்கம் அளக்கும் கருவியுள்ள ஆய்வகத்தைத் தொலைபேசியில் கேட்ட பிறகே எடுத்துச் செல்லுங்கள்.