"பார் தேர்வு (சட்டம் படித்தவர்கள் வக்கீல் தொழில் செய்யத் தேற வேண்டிய தேர்வு) எழுதிவிட்டேன், ஊர் வேலூர். ரிசல்ட் வரும்வரை என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகில இந்திய பார் தேர்வில் 100 கேள்விகள், தவறான விடைக்கு மார்க் குறைப்பு கிடையாது. தேற பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்சி, எஸ்டிக்கு 40 போதும். விடைக்குறிப்பு வந்ததும் ஒரு தடவை சரிபாருங்கள், அவ்வளவுதான். நான் தினமும் ராத்திரி எண்ணிப் பார்த்தேன்; மார்க் ஏறவில்லை, தூக்கம்தான் போனது.

வீட்டில் உட்காராதீர்கள். வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு முடித்திருந்தால், 2 ஆண்டுக்குள் தேறினால் சரி. அதுவரை கோர்ட்டுக்குப் போகலாம். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் ஒரு சீனியரிடம் சேருங்கள்.

முதலில் வாதமெல்லாம் கிடைக்காது. டைரியில் வாய்தா தேதி எழுதுவது, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கும்போது எழுந்து நின்று "பாஸ் ஓவர்" (வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்வது) கேட்பது, நகல் மனு போடுவது, இவைதான். எனக்கு உண்மையான வாத்தியார் குமாஸ்தா அண்ணன். கேஸ் கட்டைக் கட்டுவது, வக்காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டும் இடம், பெஞ்ச் கிளார்க்கிடம் எப்போது பேசக் கூடாது என்பது எல்லாம் அவர் சொல்லித்தந்ததுதான். காலேஜில் இதில் ஒன்றும் வராது.

பணம்? பஸ் செலவுக்கு வந்தால் பெரிது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வேலூர் வெயிலுக்கு ஒரு ஆறுதல்: கோடையில் கீழமை நீதிமன்றங்களில் கறுப்பு கோட் கட்டாயமில்லை. கழுத்துப் பட்டையை மட்டும் மறக்காதீர்கள்.