ஸ்பிட்டிக்கு எந்தப் பக்கமா ஏறுறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம்ங்ணா. நானும் என் ஃப்ரெண்டும் கோயமுத்தூருங்க. செப்டம்பர்ல 16 நாள் லீவு கெடச்சிருக்கு. ஹிமாச்சல்ல இருக்கற ஸ்பிட்டி பள்ளத்தாக்குல கார்லயே சுத்தி, டென்ட் போட்டுத் தங்கி, லேண்ட்ஸ்கேப் போட்டோ எடுக்கணும்னு ரெண்டு வருஷமா பேசிட்டே இருக்கோம். மணாலில இருந்து நேரா சந்திரதால் ஏரி, அப்புறம் காஜா, கீ மடாலயம், அப்படியே லடாக்கையும் பாத்துட்டு வந்துரலாம்னு பிளான். ஊர்ல இருந்தே கார் எடுத்துட்டுப் போயிரலாமுங்களா?

பதில்: தம்பி, மொதல்ல லடாக்கை வெட்டிருங்க. அடுத்து, ஊர்ல இருந்து கார் எடுத்துட்டுப் போற யோசனையையும் விட்டுருங்க. கோவைல இருந்து சண்டிகருக்கே 2,700 கிலோமீட்டருக்கு மேல, போக வர ஒன்பது பத்து நாள் ரோட்லயே போயிரும், மிச்ச நாள்ல நீங்க மலையைப் பாக்க மாட்டீங்க, தூங்கத்தான் செய்வீங்க. சண்டிகர் வரைக்கும் ஃபிளைட்ல போயி அங்க ஒரு வண்டி வாடகைக்கு எடுங்க, ஸ்பிட்டி போறோம்னு முன்னாடியே சொல்லி அதை அக்ரிமென்ட்லயும் எழுதி வாங்கிருங்க. தரையில இருந்து நல்லா தூக்கலா இருக்கற வண்டியா பாத்து எடுங்க, சின்ன கார் வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம். மணாலி வழியா ஏறாதீங்க. நான் முதல் தடவை அப்படித்தான் போனேன். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம், சந்திரதால் 4,250க்கு மேல, ஒரே பகல்ல 2,200 மீட்டர் ஏறிட்டேன். சாயங்காலம் தலை பிளக்கற மாதிரி வலி, ராத்திரி பூரா வாந்தி, வெளிய ஆகாசம் பூரா நட்சத்திரம் கொட்டிக் கெடக்குது, என்னால கேமரா பையோட ஜிப்பைக்கூட தொறக்க முடியல. விடிஞ்சதும் கூட வந்தவரு என்னைக் கீழ எறக்கிட்டு வந்துட்டாரு. அந்த ஏரியில ஒரு படம்கூட எடுக்காம திரும்பினது இன்னிக்கும் மனசுல உறுத்துது.

அதனால சிம்லா, கின்னோர் பக்கமா ஏறி மணாலி பக்கமா எறங்குங்க. 3,000 மீட்டர் தாண்டினதுக்கு அப்புறம் ராத்திரி தூங்கற எடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நாள் அதே உயரத்துல நிக்கணும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. கின்னோர் ரோடு இந்தக் கணக்குக்குன்னே போட்ட மாதிரி இருக்கும். முதல் ராத்திரி நார்க்கண்டா, 2,700 மீட்டர். அப்புறம் கல்பா, கிட்டத்தட்ட 2,960, அங்க ரெண்டு ராத்திரி. அடுத்து தாபோ 3,280, அங்கயும் ரெண்டு. காஜா 3,650, மூணு ராத்திரி. கடைசியா சந்திரதால், ரெண்டு ராத்திரி. காஜால இருக்கும்போது பகல்ல லாங்சா, ஹிக்கிம்னு 4,400 மீட்டர் வரைக்கும் ஏறிட்டு ராத்திரி கீழ வந்து தூங்குவீங்க, அதனால சந்திரதால் போறப்ப உடம்பு பழகியிருக்கும். நடுவுல நாக்கோ ஏரியைப் பகல்லயே பாத்துட்டுப் போயிருங்க, 3,660 மீட்டர், அந்தக் கட்டத்துல அங்க தூங்குனா கணக்கு தப்பிரும். கடைசில மணாலில ஒரு ராத்திரி, சண்டிகர் திரும்புறதோட ரோட்ல 12 நாள். மிச்ச நாலுல ரெண்டு ஃபிளைட்டுக்கு, ரெண்டு நிலச்சரிவுக்குன்னு ஒதுக்கி வைங்க, கின்னோர் ரோட்ல கல்லு உருளும், ஒரு நாள் முழுக்க நிக்க வேண்டி வரலாம்.

இவ்வளவு மெதுவா போனா எடம் கொறையுமேன்னு தோணும். ஆனா உடம்புக்குத் தேவையான அந்த ரெண்டாவது ராத்திரிதான் படத்துக்கும் தேவை. முதல் நாள் போய்ச் சேர்றப்ப மத்தியான வெயில், ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு சாயங்காலம் சும்மா சுத்தி, எந்தச் சரிவுல எப்ப வெளிச்சம் விழுதுன்னு பாத்து வெச்சுக்கணும், ஏன்னா அங்க செல்போன்ல காட்டற சூரிய உதய நேரம் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது, ரெண்டு பக்கமும் மலை நிக்கறதால வெயில் உள்ள வர்றதுக்கு ரொம்ப நேரம் புடிக்கும், சாயங்காலமும் சீக்கிரமே நிழல் ஏறிரும். கல்பாவையே எடுத்துக்கங்க, கின்னர் கைலாஷ் மலை நமக்குக் கிழக்குல இருக்கு, எல்லாரும் அலாரம் வெச்சு விடியக்காலம் எந்திரிச்சு நிப்பாங்க, சூரியன் மலைக்குப் பின்னாடி இருந்து வரும், மலை கறுப்பாதான் தெரியும். சாயங்காலம் கடைசி வெளிச்சத்துல அதே பனி ரோஸ் கலராகும், அதை விட்றாதீங்க.

தன்கர் மடாலயத்துக்கு நல்லா நேரம் குடுங்க. மண்ணு தூண் தூணா அரிச்சு நிக்கற செங்குத்துப் பாறை மேல மடம் உக்காந்திருக்கும், கீழ 'பின்'ங்கற ஆறும் ஸ்பிட்டி ஆறும் சேர்ற எடம் விரிச்சுப் போட்ட மாதிரி தெரியும். தாபோ மடாலயம் கி.பி. 996ல கட்டினது, பழைய கோயிலுக்குள்ள போட்டோ எடுக்க அனுமதி கெடையாது, கேமராவைப் பைல போட்டுட்டு உள்ள போயி அந்தச் சுவரோவியங்களைக் கண்ணால பாருங்க. கீ மடாலயத்தைக் கீழ இருந்து எடுக்காம கிப்பர்ங்கற ஊருக்குப் போற ரோட்ல ஏறித் திரும்பிப் பாருங்க, மடமும் பின்னாடி ஆறும் ஒண்ணா கெடைக்கும். லாங்சால பசங்க கடல் நத்தை மாதிரி கல்லான உயிரினங்களைக் கொண்டுவந்து விப்பாங்க, அந்த மலையே ஒரு காலத்துல டெத்திஸ்ங்கற பழங்காலக் கடலோட அடித்தரையா இருந்தது, தயவு செஞ்சு வாங்காதீங்க, அது அந்த மண்ணுலயே இருக்கட்டும்.

தேதியை ஆபீஸ் லீவை வெச்சு முடிவு பண்ணாம வீட்ல தொங்கற டெய்லி காலண்டரைப் பாத்து, சந்திரதால் ராத்திரி ரெண்டும் அமாவாசை பக்கத்துல வர்ற மாதிரி வைங்க. பால்வீதி எடுக்கப் போறீங்கன்னா இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். நம்ம கோவைல அதோட நடுப்பகுதி தெக்குல சுமார் 50 டிகிரி வரைக்கும் மேல ஏறும், ஸ்பிட்டி 32 டிகிரி அட்சரேகையில இருக்கறதால அங்க 30 டிகிரியைக்கூடத் தொடாது, தெக்குப் பக்கம் ஒரு மலை நின்னா மறைச்சிரும். செப்டம்பர்ல இருட்டினதுமே தெற்கு, தென்மேற்கு பக்கம் தெரிய ஆரம்பிச்சுச் சீக்கிரம் எறங்கிரும். அதனால டென்ட் எடம் பாக்கும்போதே காம்பஸ் வெச்சுத் தெக்குப் பக்கம் தொறந்திருக்கான்னு பாத்துக்கங்க.

சந்திரதால் கரையில டென்ட் போடக் கூடாது, அது 2005ல இருந்து ராம்சார்ங்கற சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கற ஈரநிலம். முகாம் எல்லாம் கொஞ்ச தூரம் தள்ளித்தான் இருக்கு, வண்டியை நிறுத்திட்டு ஏரிக்கு நடந்துதான் போகணும், டார்ச் கட்டாயம். மத்த எடத்துல ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு டென்ட் போடுங்க, ஆத்துப் படுகையில வேண்டாம். ராத்திரி வண்டி ஓட்டவே கூடாது, ஆனா நல்ல வெளிச்சமே சூரியன் மறையறப்பதான, அதனால படம் எடுக்கற எடத்துல இருந்து நடந்து வர்ற தூரத்துல படுக்கை இருக்கணும். டென்ட் எடுத்துட்டுப் போறதே இதுக்குத்தான்.

ஸ்லீப்பிங் பேக்ல 'கம்ஃபர்ட்' வெப்பநிலை, 'லிமிட்' வெப்பநிலைன்னு ரெண்டு போட்டிருக்கும், கம்ஃபர்ட்டைப் பாத்து வாங்குங்க. குளிரு தரையில இருந்துதான் ஏறும், அடியில விரிக்கற மேட்ல காசு மிச்சம் புடிக்காதீங்க. அடுப்புக்கு கேஸ் கேன் ஃபிளைட்ல விட மாட்டாங்க, அங்க போயி வாங்குங்க, வெறும் பியூட்டேன் கேன் கடுங்குளிர்ல சரியா ஆவியாகாது, புரொப்பேன் கலந்தது கேளுங்க. சந்திரதால் உயரத்துல தண்ணி 86 டிகிரியிலயே கொதிச்சிரும், அரிசி சட்டியில லேசுல வேகாது, சின்ன குக்கர் ஒண்ணு கண்டிப்பா.

பெட்ரோல், கல்பாவுக்குக் கீழ இருக்கற ரெக்காங் பியோ டவுன் பக்கத்துல ஃபுல் பண்ணுங்க, மறுபடி காஜால ஃபுல். காஜா விட்டா மணாலி பக்கம் எறங்கற வரைக்கும் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் பங்க்கை எதிர்பாக்காதீங்க. ஓடை குறுக்க வந்தா காலையிலயே தாண்டிருங்க, வெயில் ஏற ஏற பனி உருகி மத்தியானம் தண்ணி ஏறிரும். மலை உயரம் ஒத்துக்காம போறதைத் தடுக்கற டயாமாக்ஸ் மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, சல்ஃபா வகை மருந்துக்கு அலர்ஜி இருந்தா அதையும் சொல்லிருங்க. நடை தடுமாறினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, ராத்திரி ஓட்டாதீங்கன்னு சொன்னேன்ல, இதுக்கு மட்டும் அது பொருந்தாது, ஓட்டத் தெரிஞ்ச உள்ளூர்க்காரரைக் கூட்டிட்டு உடனே கீழ எறங்குங்க.

கேள்வி: அண்ணே, நான் மதுரை. அடுத்த வருஷம் ஃப்ரெண்ட்ஸோட ஸ்பிட்டி போறேன். என்கிட்ட 18-55 கிட் லென்ஸும் 55-250ம் தான் இருக்கு. வைட் ஆங்கிள் லென்ஸ் இல்லாம லேண்ட்ஸ்கேப் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க, கடன் வாங்கி வாங்கிரவா?

பதில்: வேணாம்மா. ஸ்பிட்டில நீங்க அதிகம் மாட்டப் போறது அந்த 55-250 தான். வைட்ல எடுத்தா 6,000 மீட்டர் மலை மண்மேடு மாதிரி சுருங்கிரும். அந்த 55-250 மாதிரி டெலி லென்ஸ்ல தூரத்து மலையை இழுத்து, முன்னாடி ஒரு வெள்ளை வீடு, ஒரு பட்டாணி வயல், ஆடு ஓட்டிட்டுப் போற ஒரு ஆளு வெச்சுப் பாருங்க, அப்பதான் எவ்வளவு பெருசுன்னு புரியும். நட்சத்திரத்துக்கு 18 எம்எம், எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 15 செகண்ட், அதே படத்தைப் பதினஞ்சு தடவை எடுத்து சீக்வேட்டர்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல அடுக்குனா புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸ் நல்லா கொறையும். ஆட்டோ ஃபோக்கஸை நம்பாதீங்க, லைவ் வியூல ஒரு நட்சத்திரத்தைப் பெருசாக்கிக் கையால ஃபோக்கஸ் பண்ணுங்க.

காசு இருந்தா ஆடாத ஒரு டிரைபாடும் ரெண்டு எக்ஸ்ட்ரா பேட்டரியும் வாங்குங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் எறங்கும், ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கூடவே வெச்சுத் தூங்குங்க. வெளிய இருந்து சூடான ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கேமராவை ஜிப் கவர்ல போட்டு மூடிருங்க, இல்லேன்னா லென்ஸெல்லாம் வேர்த்துக் கொட்டிரும்.

கேள்வி: சார், நான் சிங்கப்பூர் குடியுரிமை உள்ளவன். இந்தியாவுல இருக்கற கசின்ஸோட சேர்ந்து இதே ரூட்ல வர்றேன். எனக்குத் தனியா பர்மிட் வேணுமா?

பதில்: வேணும் சார். கசின்ஸுக்கு வேண்டாம், வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கற உங்களுக்கு ரெக்காங் பியோவுக்கும் தாபோவுக்கும் நடுவுல எல்லையை ஒட்டி வர்ற பகுதிக்கு இன்னர் லைன் பர்மிட் எடுக்கணும். ரெக்காங் பியோலயே குடுப்பாங்க, ஆனா கவர்ன்மென்ட் ஆபீஸ், லீவு நாள்ல போய் நிக்காதீங்க, கல்பா அதுக்கு மேலதான் இருக்கு, அங்க தங்கற ரெண்டு நாள்ல ஒண்ணு வேலை நாளா வர்ற மாதிரி பாத்துக்கங்க. பாஸ்போர்ட், விசா ஜெராக்ஸ், போட்டோ நாலஞ்சு செட் கையில இருக்கட்டும். இன்னொண்ணு, மலைக்குப் போறோமேன்னு கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் மெசேஞ்சரோ சாட்டிலைட் போனோ எடுத்துட்டு வந்துராதீங்க, இந்தியாவுல முன் அனுமதி இல்லாம அதை வெச்சிருக்கறது குற்றம், ஏர்போர்ட்லயே புடிச்சிருவாங்க. வீட்லயே விட்டுட்டு வாங்க, எந்த நாள் எங்க தங்கறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வீட்ல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு வாங்க.