மூன்றாம் முறை பரீட்சையா, மருந்தாளர் பட்டமா? முல்லைத்தீவுத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் இரண்டாம் முறை உயர்தரம் எழுதியும் பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி மருத்துவபீடத்துக்குப் போதவில்லை. மூன்றாம் முறையும் எழுதவைப்பதா, வேறு கற்கைநெறிக்கு விண்ணப்பிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் நடுவில் நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பிரஷருக்கு அம்லோடிபின் குளிசை எடுக்கும் அம்மம்மாவின் கணுக்கால்கள் வீங்கியதைக் கண்ட பிள்ளை, அந்தக் குளிசை குருதிக்கலன்களில் என்ன செய்கிறது என்று தேடித் தேடி வாசிப்பதிலேயே பொழுதைக் கழிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பொழுது வீணாகவில்லை, அம்மா.

அவள் வாசிப்பது என்னவென்று நீங்களும் அறிந்திருப்பது நல்லது. நாடிகளின் சுவரில் மழமழப்பான தசைக் கலங்கள் இருக்கின்றன. கலத்துக்கு வெளியே உள்ள கல்சியம் அயன்களின் செறிவு, ஓய்வில் உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது அதிலுள்ள கல்சியம் கால்வாய்கள் திறக்க, அயன்கள் உள்ளே பாய்ந்து கல்மொடுலின் என்ற புரதத்தோடு சேர்கின்றன. அதனால் தூண்டப்படும் நொதியம் மயோசின் என்ற தசைப்புரதத்தைச் செயற்பட வைக்க, தசை சுருங்கிக் குருதிக்கலன் ஒடுங்குகிறது. பௌதிகவியலில் அவள் படித்த குழாயில் திரவம் பாய்வதைப் பற்றிய புவாசேயின் சூத்திரப்படி, ஆரை 10 வீதம் குறைந்தாலே அதே அமுக்கத்தில் பாய்ச்சல் மூன்றிலொரு பங்களவு குறைந்துவிடும். அம்லோடிபின் இந்தக் கால்வாய்களில் எல் வகை எனப்படுபவற்றைத் தடுத்துக் கலனைத் தளர்த்துகிறது. கை கால்களை அசைக்கும் தசைகள் சுருங்குவதற்கு வெளியிலிருந்து வரும் கல்சியத்தை நம்பியிருப்பதில்லை. ஆகையால் குளிசை அவற்றைத் தளர்த்துவதில்லை. ஆனால் புன்னாடிகள் எனப்படும் மிகச்சிறிய நாடிகள் விரிகின்ற அளவுக்கு நாளங்கள் விரியாதபடியால் மயிர்க்குழாய்களில் அமுக்கம் கூடி, நீர் இழையங்களுக்குள் கசிந்து கால் வீங்கக்கூடும். அம்மம்மாவின் வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். குளிசையைத் தாமாக நிறுத்தாமல் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

என் கருத்து இதுதான்: மூன்றாம் முறை வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருந்தாளர் பட்டக் கற்கைநெறியை விண்ணப்பத்தில் முன்னுக்குப் போடுங்கள். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதால், முல்லைத்தீவுக்கான முன்னைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளைப் பார்த்துத்தான் அவளுடைய வாய்ப்பை எடைபோட வேண்டும்; யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் புள்ளியோடு ஒப்பிட்டு மனமுடைய வேண்டாம். தெரிவு விருப்பவரிசைப்படியே நடைபெறும் என்பதால், அயலவர் சொன்னதற்காக அவள் விரும்பாத ஒன்றை மேலே எழுதவும் வேண்டாம். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாகியிருப்பது வன்னிக்குப் பெருமை. வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக அதையும் யோசிப்பீர்கள். ஆனால் இந்தப் பிள்ளையின் நாட்டம் மருந்திலும் உடற்றொழிலியலிலும் இருக்கிறது.

உயிரியல் விஞ்ஞானப் பட்டமும் அவளை ஆராய்ச்சிக்குக் கொண்டுபோகும் என்பது உண்மையே. எனினும் குடும்ப நிலையை நீங்கள் மறைக்காமல் எழுதியிருப்பதால், பட்டம் முடிந்ததும் வைத்தியசாலையிலோ மருந்தகத்திலோ பதிவுபெற்ற மருந்தாளராக உழைக்கவும், பின்னர் மேற்படிப்புக்குப் போகவும் இடந்தரும் வழியையே நான் தெரிவுசெய்வேன். வவுனியாப் பக்கம் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயாலும், எங்கும் உயர் குருதியமுக்கத்தாலும் எங்கள் சனங்கள் படும் பாட்டைப் பார்க்கும்போது, தமிழில் பொறுமையாக விளக்கக்கூடிய ஒரு மருந்தாளர் வன்னி வைத்தியசாலைகளுக்கு எவ்வளவு தேவை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கல்சியம் கால்வாய்களையே ஆராய்வதுதான் அவளுடைய விருப்பமென்றால் வழி நீளமானது. சத்திரசிகிச்சையில் அகற்றப்படும் மனிதக் குருதிக்கலன் துண்டுகளை, நோயாளியின் சம்மதத்தோடும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடும் பெற்று, நொதியங்களால் தனிக்கலங்களாகப் பிரித்து, நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒரு கலத்தின் மென்சவ்வில் ஒட்டவைத்து, கால்வாய்களினூடாகப் பாயும் மின்னோட்டத்தை அளப்பார்கள். அந்த முறையை உருவாக்கிய நேயரும் சாக்மனும் 1991இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கான கருவிகள் விலை கூடியவை. கலாநிதிப் பட்டத்துக்கு அவள் பெரும்பாலும் வெளிநாடு போகவேண்டி வரும். அங்கே விஞ்ஞானத்துறை ஆய்வு மாணவர் பலருக்கு உதவித்தொகை கிடைப்பதால், காணியை விற்க வேண்டிவருமோ என்ற பயம் இப்போதைக்கு வேண்டாம்.

பௌதிகவியல் பெறுபேறு குறைந்ததைச் சொல்லி அவளைக் கண்டிக்காதீர்கள். ஆனால் மின்னியல் அலகுகளை அவள் திரும்பப் படிக்கட்டும், ஏனெனில் இந்த ஆய்வு முழுவதும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளப்பதில்தான் நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறும் என்பதால், அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஆங்கில வாசிப்பைத் தொடங்குவது அதைவிட அவசரமானது. குருதிக்கலன்களைப் பற்றி அவள் ஏற்கெனவே தேடிவைத்திருப்பவற்றிலிருந்தே தொடங்கலாம். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னர் விருப்பவரிசையை மகளோடு வந்து என்னிடம் ஒருமுறை காட்டுங்கள்.