பிளேயர் ரிப்பேர் என்று சொன்னீர்களே!

கேள்வி: கீழக்கரையில் கடலைப் பார்த்த வீடு எங்களுடையது. எனக்கு எல்பி ரெக்கார்டுகள் மேல் ரொம்ப நாள் ஆசை. 25,000 ரூபாயில் ஒரு ரெக்கார்டு பிளேயர் பார்த்து வைத்திருக்கிறேன். "போனிலேயே எல்லாப் பாட்டும் இருக்கே" என்கிறார் மனைவி. உப்புக்காற்றில் இது தாங்குமா? பழைய சாமான் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. மவுத்தாகிவிட்ட வாப்பா துபாயிலிருந்து பேசி அனுப்பிய 11 கேசட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. உம்மா எப்போதாவது போடச் சொல்வார்கள். பிளேயர் ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். ரெக்கார்டு பிளேயர் வாங்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். எல்பியின் சுகம் நிஜம்தான். பெரிய அட்டை, கையால் எடுத்து வைக்கும் ஊசி, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் எழுந்திருக்காமல் கேட்கிற கட்டாயம். தொல்லையும் நிஜம். பெட்டி மாதிரி வரும் மலிவு பிளேயர்களில் ஊசி ஐந்து கிராம் வரை அழுத்தும். நல்லதில் இரண்டு கிராம்தான். அந்த ஊசியையும் 500 முதல் 1000 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இல்லாவிட்டால் தனியாக வாங்க வேண்டும், இல்லையென்றால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். உப்புக்காற்று இசைத்தட்டை ஒன்றும் செய்யாது. ஒயர் சொருகும் இடங்களில் பச்சை பூக்கும், அட்டையில் பூசணம் பிடிக்கும். கடல் பக்க அறையில் வைக்காதீர்கள். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். மனைவி சொன்னதிலும் தப்பில்லை. நாகூர் ஹனிபா பாட்டு வேண்டுமென்றால் போனில் நிமிடத்தில் கிடைக்கும்.

வாப்பாவின் குரல் எந்தப் போனில் கிடைக்கும்?

பிளேயர் ரிப்பேர் என்கிறீர்கள். 25,000 ரூபாய்க்கு வேறொரு பிளேயர் தேடத் தெரிந்தவருக்கு, ரிப்பேரான பிளேயரின் பெல்ட்டை மாற்றத் தோன்றவில்லையா? டிரங்க் கால் போட்டால் கூலி கரையும் என்று, ஊருக்குப் போகிறவர் கையில் கேசட் கொடுத்தனுப்பிக் குடும்பம் நடத்திய மனிதர் அவர். கேட்பது அவர் மனைவி. பெற்றவளிடம் சாக்குச் சொல்வதை நான் சின்னத் தப்பு என்று விடமாட்டேன்.

இன்றே பரணிலிருந்து இறக்குங்கள். ஓட்டுச் சூடும் ஈரமும் சேரும் இடம் அது. இறக்கியதும் எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூசணம். அதைத் தனியாக வையுங்கள், ஒரு கேசட்டிலிருந்து, பிளேயரில் நாடா உரசி ஓடும் ஹெட் வழியாக அடுத்ததற்கும் போகும். மற்றவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைக்கிற வேலை வேண்டாம், கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடுங்கள். இனி யாரும் தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் வாப்பாவின் பேச்சு அழியாது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

நாடா தெரியும் வாயின் நடுவில், மெல்லிய தகட்டின் மேல் ஒரு துண்டு கம்பளித் திண்டு இருக்கும். பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கி மங்கி வரும். வேண்டாத கேசட்டிலிருந்து எடுத்து மாற்றலாம். ஐந்து திருகாணி உள்ள கேசட்டானால் கழற்றுவது சுலபம். ஒட்டிய ஓடானால் பிளேடால் பிளந்து, சுருளை அப்படியே திருகாணி ஓட்டுக்கு மாற்ற வேண்டும். மேசையில் படுக்கவைத்தே செய்யுங்கள். தூக்கினால் நாடா கொட்டிவிடும், பிறகு கண்ணீர்தான்.

கேசட் பிளேயருக்கு வருவோம். பெல்ட் உருகித் தார்போல் ஒட்டியிருக்கும். முழுக்கத் துடைத்துவிட்டு அதே அளவில் புதிது போடச் சொல்லுங்கள். ஹெட்டையும் அதன் பக்கத்தில் சுழலும் இரும்புக் கம்பியையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். அத்தர், செண்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் ஆகாது. ரப்பர் ரோலர் கல்லாக இறுகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், நாடாவைக் கடித்து இழுப்பது பெரும்பாலும் அதுதான். வாப்பா பேசியது துபாயில் வேறொரு டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) என்பதால் உங்கள் ஹெட்டின் சாய்வு ஒத்துப்போகாமல் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கலாம். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பினால், 'அஸ்ஸலாமு' என்பதில் உள்ள 'ஸ்' கூர்மையாகும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள்.

பிறகு ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, கணினியில் பதியுங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் சொருகாமல், லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்குங்கள். வேவ் கோப்பு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ போதும். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், கிட்டத்தட்ட 390 எம்பி வரும். இரைச்சல் நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள். நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வெளியூரில் இருக்கும் உடன்பிறப்பிடம். வெறும் பென் டிரைவை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்கும் முன் உம்மாவிடம் கேளுங்கள். அவை அவருக்கு எழுதிய கடிதங்கள். புருஷன் பெண்டாட்டிக்குப் பேசியதில் பிள்ளைகள் காதுக்கு ஆகாததும் இருக்கும். பதியும்போது ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, திரையில் மீட்டர் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தால் போதும். மைனஸ் ஆறு டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் சரி. எதை எல்லாரும் கேட்கலாம், எது குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போகலாம் என்பதை அவர் சொல்லட்டும்.

பதினொன்றும் முடிந்தபின் கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு என்ன ரெக்கார்டு பிளேயர் வரும் என்று கேட்டு எழுதுங்கள். அப்போது மாடல் பெயரோடு பதில் தருகிறேன்.